‘தேசப் பாதுகாப்பு’ என்று சரக்கை நிறுத்தினால்: பொதுச் சந்தை விதிவிலக்குகளைச் சென்னை ஏற்றுமதியாளர் கையாள்வது எப்படி

எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நின்றதைப் பார்த்தவர்களுக்குப் பொதுச் சந்தை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது, மாநில எல்லையில் வரிக்காக வண்டியை நிறுத்துவது போனது. நாடுகள் தங்களுக்குள் இதே ஏற்பாட்டைச் செய்துகொண்டால் அதுதான் பொதுச் சந்தை. ஐரோப்பிய ஒன்றியம், ரஷ்யாவும் கஜகஸ்தானும் பெலாரஸும் ஆர்மீனியாவும் கிர்கிஸ்தானும் சேர்ந்த யூரேசியப் பொருளாதார ஒன்றியம், வளைகுடா ஒத்துழைப்பு மன்றம், கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம், கரீபியச் சமூகம் எல்லாம் இந்த வகை. ஒரு வாசலில் வரி கட்டிவிட்டால் சரக்கு உள்ளே எங்கும் போகலாம்.

ஆனால் அந்த ஒப்பந்தங்களில் தேசப் பாதுகாப்பு என்று சொல்லி உறுப்பு நாடு பொது விதியிலிருந்து விலகிக்கொள்ள ஒரு வழி இருக்கும். அம்பத்தூரிலிருந்து வால்வும், கிண்டியிலிருந்து அளவீட்டுக் கருவியும், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து எலக்ட்ரானிக்ஸும் அனுப்புகிறவர்களும், அவர்களுக்காக ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸில் காகிதம் நகர்த்தும் புரோக்கர்களும் இந்தச் சொல்லைக் கேட்டவுடன் பெரும்பாலும் கையை விரித்துவிடுகிறார்கள். ‘பாதுகாப்பு என்று சொல்லிவிட்டான், இனி என்ன பேச?’ பேச நிறைய இருக்கிறது. எந்தப் பிரிவின் கீழ் நிறுத்தினார்கள் என்பதை எழுத்தில் வாங்கினால், பாதி வழக்குகளில் அந்த நாட்டின் கை எவ்வளவு நீளம் என்பது தெரிந்துவிடும். அதை வாங்கும் முறை, வாங்கியபின் செய்ய வேண்டியது, அனுப்பும் முன்பே செய்திருக்க வேண்டியது மூன்றும் கீழே.

சரக்கு உள்ளே வந்ததா, கடந்துபோகிறதா?

முதல் கேள்வி இதுதான். பலரும் கடைசியில் கேட்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயல்பாட்டு ஒப்பந்தம் பிரிவு 29, வெளிநாட்டுச் சரக்கு ஏதாவது ஓர் உறுப்பு நாட்டில் இறக்குமதிச் சடங்குகளை முடித்து வரியும் கட்டிவிட்டால் அதை உள்நாட்டுச் சரக்கைப் போலவே நடத்தச் சொல்கிறது. ரோட்டர்டாமில் வரி கட்டிய சென்னைச் சரக்குக்கு ஜெர்மன் சரக்குக்குள்ள அதே உரிமை போலந்தில் உண்டு. அதே கன்டெய்னர் வரி கட்டாமல் டி1 டிரான்சிட் காகிதத்தில் போலந்துக்குப் போனால் அது இன்னும் வெளிநாட்டுச் சரக்குதான். பொதுச் சந்தையின் பாதுகாப்பு அதற்குக் கிடையாது. எனவே வாங்குபவரிடமிருந்து இறக்குமதி டிக்ளரேஷன் நகலையும், ஒன்றியத்துச் சரக்கு என்பதற்கான டி2எல் சான்றையும் அன்றே கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். சரக்கு நின்றபிறகு கேட்டால் ஒரு வாரம் போய்விடும்.

யூரேசிய ஒன்றியத்திலும் கணக்கு இதேதான். விளாடிவோஸ்டாக்கில் உள்நாட்டு நுகர்வுக்கென்று விடுவிக்கப்பட்ட சரக்கு ஒன்றியச் சரக்கு. அல்மாட்டிக்கு டிரான்சிட்டில் போவது வெளிநாட்டுச் சரக்கு. டிரான்சிட் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு உலக வர்த்தக அமைப்பில் உக்ரைன் ரஷ்யா மீது போட்ட வழக்கே சாட்சி. 2016 ஜனவரி 1 முதல், உக்ரைனிலிருந்து கஜகஸ்தானுக்குச் சாலையிலும் ரயிலிலும் போகும் சரக்கு பெலாரஸ் வழியாகத்தான் ரஷ்யாவுக்குள் வர வேண்டும், அடையாள முத்திரை வேண்டும், ஓட்டுநரிடம் பதிவு அட்டை வேண்டும் என்று ரஷ்யா விதித்தது. அந்த ஆண்டு ஜூலையில் கிர்கிஸ்தானுக்கும் அதை நீட்டியது. 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பில் வென்றது ரஷ்யா.

எந்தப் பிரிவு?

‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் பல சட்டங்கள் ஒளிந்திருக்கும். ஐரோப்பாவில் மட்டுமே மூன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரிவு 36 சாதாரணச் சரக்குக்கு. பொது ஒழுக்கம், பொது ஒழுங்கு, பொதுப் பாதுகாப்பு, உயிர், உடல்நலம் என்று காரணங்களைப் பட்டியலிட்டு, அந்தத் தடை பாரபட்சமாகவோ மறைமுக வணிகத் தடையாகவோ இருக்கக் கூடாது என்று வாலில் ஒரு நிபந்தனையும் போடுகிறது. உங்கள் சரக்கு நிற்பது பெரும்பாலும் இதன் கீழ்தான்.

பிரிவு 346 ஆயுதத்துக்கு. போர்த் தளவாட உற்பத்தி, வணிகம் தொடர்பாகத் தனக்குத் தேவை என்று ஒரு நாடு கருதும் நடவடிக்கையை எடுக்கலாம். ஆனால் அது 1958 ஏப்ரல் 15 அன்று கவுன்சில் வகுத்த பட்டியலில் உள்ள பொருள்களுக்கு மட்டும். ராணுவத்துக்கென்றே அமையாத பொருள்களின் போட்டியை அது கெடுக்கக் கூடாது.

பிரிவு 347 போருக்கும், போர் மூளும் அளவுப் பதற்றத்துக்கும், கடுமையான உள்நாட்டுக் குழப்பத்துக்கும். 346, 347 இரண்டையும் ஒரு நாடு தவறாகப் பயன்படுத்துகிறது என்று தோன்றினால் ஐரோப்பிய ஆணையமோ இன்னோர் உறுப்பு நாடோ நேரடியாக ஐரோப்பிய நீதிமன்றம் போகலாம் என்கிறது 348. அந்த விசாரணை மூடிய அறையில் நடந்து தீர்ப்பு வரும்.

யூரேசிய ஒப்பந்தத்தில் பிரிவு 29. மனித உயிர், பொது ஒழுங்கு, சுற்றுச்சூழல், பண்பாட்டுச் செல்வம், சர்வதேசக் கடமை, நாட்டின் பாதுகாப்பு என்று ஆறு காரணங்கள். பாரபட்சமும் மறைமுகத் தடையும் கூடாது என்ற அதே வால். ஆசியான் சரக்கு வணிக ஒப்பந்தத்தில் பிரிவு 10. தகவல்தொடர்பு, மின்சாரம், குடிநீர் போன்ற முக்கியக் கட்டமைப்பைத் திட்டமிட்ட தாக்குதலிலிருந்து காப்பதையும் அது பாதுகாப்பில் சேர்த்திருக்கிறது. ரவுட்டர், பவர் கன்ட்ரோல் பேனல் அனுப்புகிறவர்கள் இந்த வரியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கரீபியச் சமூகத்தில் பிரிவு 225. நம் தெற்காசியச் சுதந்திர வணிக ஒப்பந்தமான சாஃப்டாவில் பிரிவு 14.

வினைச்சொல்லைப் பாருங்கள்

பிரிவைக் கண்டுபிடித்ததும் அதில் ஒரு சொல்லைத் தேடுங்கள்: ‘கருதும்’. ‘தேவையான நடவடிக்கை’ என்று மட்டும் இருந்தால், தேவையா இல்லையா என்பதை நீதிமன்றம் எடைபோடலாம். ‘தேவை என்று அந்த நாடு கருதும் நடவடிக்கை’ என்றிருந்தால் முதல் தீர்ப்பு அந்த நாட்டின் கையில்.

ஐரோப்பாவின் 36, யூரேசியாவின் 29 இரண்டிலும் ‘கருதும்’ இல்லை. உலக வர்த்தக அமைப்பின் சரக்கு வணிக விதிகளான காட் ஒப்பந்தம் பிரிவு 21இல் இருக்கிறது. ஆனாலும், அணுப்பொருள், ஆயுத வணிகம், போர் அல்லது சர்வதேச உறவில் நெருக்கடிக் காலம் என்று அங்கே வரையறுத்த வட்டத்துக்குள் விஷயம் இருக்கிறதா என்பதை நடுவர் குழுவே பார்க்கும் என்று ரஷ்ய டிரான்சிட் தீர்ப்பு சொல்லிவிட்டது. நாடு தன் கருத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும், நெருக்கடிக்கும் நடவடிக்கைக்கும் நம்பத்தக்க தொடர்பாவது இருக்க வேண்டும் என்றும் சொன்னது. சாஃப்டாவில் வட்டமே கிடையாது. தன் தேசப் பாதுகாப்புக்குத் தேவை என்று தான் கருதும் எதையும் செய்யலாம், அவ்வளவுதான். நான் பார்த்த வாசகங்களில் இதைவிட அகலமான கதவு இல்லை. எனவே சாஃப்டா சலுகையை நம்பி ஓர் ஆர்டரின் லாபக் கணக்கை முழுதாகப் போடுவது நல்லதல்ல.

346இல் ‘கருதும்’ இருக்கிறதே என்று கேட்கலாம். இருந்தும் நீதிமன்றம் விடவில்லை. ஆயுத இறக்குமதிக்கு மதிப்புக்கூட்டு வரி விலக்குக் கொடுத்த ஸ்பெயின் அதைப் பாதுகாப்பு என்று வாதாடியது. விலக்கு ஏன் தேவை என்று காட்டவில்லை என்று சொல்லி 1999இல் நீதிமன்றம் அதைத் தள்ளியது. நிரூபிக்கும் சுமை விதிவிலக்கைக் கேட்கும் நாட்டின் தலையில்தான். உங்கள் கடிதங்களில் இந்த ஒரு வரி தவறாமல் இருக்கட்டும்.

மணலும் பெட்ரோலும்: எது பாதுகாப்பு?

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். வாதத்தின் உயிர் இங்கேதான்.

1984இல் முடிந்த கேம்பஸ் ஆயில் வழக்கு. அயர்லாந்தில் ஒரே ஒரு சுத்திகரிப்பு ஆலை, வைட்கேட் என்ற ஊரில், அரசுடையது. பெட்ரோலியம் இறக்குமதி செய்கிறவர்கள் தங்கள் தேவையில் 35 சதவீதம் வரை அந்த ஆலையிடமிருந்தே, அமைச்சர் வைத்த விலைக்கு வாங்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. பொதுச் சந்தை விதிக்கு இது நேர் எதிர். ஆனாலும் நீதிமன்றம் ஏற்றது. எரிபொருள் நின்றால் ஆஸ்பத்திரி முதல் அரசாங்கம் வரை நின்றுவிடும். நாட்டின் இருப்பே அதில் இருக்கிறது என்பது காரணம். அளவுக்கும் கடிவாளம் போட்டது: நெருக்கடியில் நாடு தாக்குப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவுக்கு மேல் கட்டாயப்படுத்தக் கூடாது.

2023 ஜூலையில் தீர்ப்பான ஸெல்லா வழக்கு. மணல், சரளை, களிமண் எடுக்கும் ஒரு ஹங்கேரிய நிறுவனத்தை, உச்சியில் வெளிநாட்டு உரிமையுள்ள இன்னொரு ஹங்கேரிய நிறுவனம் வாங்க முயன்றது. கட்டுமானப் பொருள் வழங்கல் நாட்டின் பாதுகாப்புக்கு முக்கியம் என்று அமைச்சர் தடுத்தார். அந்தக் குவாரியின் பங்கு நாட்டு உற்பத்தியில் 1 சதவீதம்கூட இல்லை. பெட்ரோலைப் பற்றிச் சொன்னதை மணலுக்கு நீட்ட முடியாது. உள்ளூர்க் கட்டுமானத்துக்கு ஜல்லி கிடைப்பது சமூகத்தின் அடிப்படை நலன் ஆகாது. உண்மையான, போதிய அளவு கடுமையான ஆபத்து இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

இந்த இரண்டையும் இரண்டு முனையாக வைத்து உங்கள் பொருள் நடுவில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். தட்டுப்பாடு வந்தால் நாடு நிற்குமா, ஒரு தொழில் மட்டும் சிரமப்படுமா? சந்தையில் உங்கள் பங்கு எத்தனை சதவீதம்? வேறு வழங்குநர் எத்தனை பேர்? மூன்றாவது கேள்விக்கு வாங்குபவரிடமிருந்து எண்ணோடு பதில் வாங்குங்கள். ‘போட்டியாளர் பலர்’ என்று எழுதினால் அது வாதமாகாது. பெயரும் நாடும் போட்டு எழுதினால் ஆகும்.

அடுத்த சோதனை, இதைவிட லேசான வழி இருந்ததா என்பது. ஆஸ்திரியா தன் பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் அச்சிடும் வேலையை டெண்டர் இல்லாமல் ஒரே அச்சகத்துக்குக் கொடுத்தது. ரகசியம் கசிந்தால் ஆபத்து என்றது. கவலை நியாயம்தான், ஆனால் ரகசியக் காப்பு நிபந்தனைகளோடு டெண்டர் விட்டிருக்கலாமே என்று 2018இல் நீதிமன்றம் சொன்னது. உங்கள் சரக்கு நிற்கும்போதும் கேட்க வேண்டியது இதுவே: முழுத் தடைக்குப் பதில் பரிசோதனை போதாதா, இறுதிப் பயன்பாட்டு உறுதிமொழி போதாதா, குறிப்பிட்ட மாடலை மட்டும் நிறுத்தினால் போதாதா? மாற்று வழியை நீங்களே எழுதிக் கொடுப்பது நல்லது. அதிகாரிக்கு ‘ஆம்’ சொல்ல ஒரு வாசல் கிடைக்கும்.

ராணுவப் பொருள் என்ற குற்றச்சாட்டு வந்தால் ஃபின்லாந்தின் சுழல்மேடை வழக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். மின்காந்த அளவீட்டுக்காக ராணுவம் வாங்கிய, சாய்த்துத் திருப்பக்கூடிய ஒரு மேடை அது. ராணுவம் வாங்கியது, ராணுவ வேலைக்குத்தான் வாங்கியது. அதுமட்டும் போதாது, ஏறக்குறைய அதே நுட்பம் பொதுப் பயன்பாட்டிலும் இருந்தால், அந்தப் பொருளின் வடிவமைப்பிலேயே ராணுவத்துக்கென்று உருவான தன்மை இருக்க வேண்டும் என்று 2012இல் தீர்ப்பு. அதற்கு நான்கு ஆண்டு முன்பு, இத்தாலி தன் சீருடைத் துறைகளுக்கு டெண்டர் இல்லாமல் ஹெலிகாப்டர் வாங்கியதும் இதே காரணத்தால் தோற்றது: பயன்பாடு இருவகை, ராணுவப் பயன்பாடு உறுதியில்லை.

ஒரு வால்வைக் கையில் எடுத்துப் பார்ப்போம்

பொதுவாகப் பேசினால் பிடிபடாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் செய்த, 25 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு பந்து வால்வு. ராணுவத்துக்கும் பொதுப் பயன்பாட்டுக்கும் உதவும் பொருள்களுக்கான ஐரோப்பாவின் இரட்டைப் பயன்பாட்டு விதிமுறை 2021/821, முதல் இணைப்பில் 2பி350 என்ற எண்ணின் கீழ் ரசாயன ஆலைக் கருவிகளைப் பட்டியலிடுகிறது. அதில் வால்வுக்கான முதல் வகையில் விழ இரண்டும் வேண்டும்: பெயரளவு விட்டம் 10 மில்லிமீட்டருக்கு மேல், ரசாயனம் தொடும் பரப்பு முழுவதும் பட்டியலில் உள்ள பொருளால் ஆனது. ஃபுளோரோபாலிமர், கண்ணாடி, டைட்டானியம், டான்டலம், ஜிர்கோனியம், 40 சதவீதத்துக்கு மேல் நிக்கல் உள்ள உலோகம், 25 சதவீதத்துக்கு மேல் நிக்கலும் 20 சதவீதத்துக்கு மேல் குரோமியமும் உள்ள கலவை போன்றவை அந்தப் பொருள்கள்.

எஸ்.எஸ்.316 வால்வு இதில் வராது. அதன் நிக்கல் 10 முதல் 14 சதவீதம்தான். அதே வால்வில் டெஃப்லான் எனப்படும் பி.டி.எஃப்.ஈ.யால் ஆன ஸீட் (பந்து அமரும் வளையம்) போட்டிருந்தாலும் வராது, ஏனென்றால் ஸீட் மட்டும்தான் ஃபுளோரோபாலிமர்; பந்தும் உடலும் எஃகு. உள்ளே முழுக்க பி.டி.எஃப்.ஈ. லைனிங் செய்து பந்துக்கும் உறை போட்டால் வந்துவிடும். தவறு நடப்பது இங்கேதான். இன்வாய்ஸில் ‘பி.டி.எஃப்.ஈ. வால்வு’ என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிறார்கள். ஸீட்டா லைனிங்கா என்று தெரியாத அதிகாரி, சந்தேகத்தின் பலனைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுகிறார். நியாயமாகப் பார்த்தால் அவர்மேல் தப்பில்லை.

எனவே இன்வாய்ஸிலும் பேக்கிங் லிஸ்ட்டிலும் மாடல் எண், பெயரளவு விட்டம், உடல் உலோகம், பந்து உலோகம், ஸீட், லைனிங் உண்டா இல்லையா, அழுத்த வகுப்பு எல்லாம் தனித்தனியாக வரட்டும். குறுக்குவெட்டு வரைபடம் ஒன்றில் ரசாயனம் தொடும் பாகங்களை நிறமிட்டு இணையுங்கள். ஒரு பக்கக் காகிதம்தான். வாரக்கணக்கான கேள்வி பதிலை மிச்சப்படுத்தும்.

பட்டியலில் விழும் பொருள் என்றால் பயப்பட வேண்டாம். முதல் இணைப்பில் உள்ளது ஒன்றியத்தை விட்டு வெளியேறத்தான் அனுமதி கேட்கும். உறுப்பு நாடுகளுக்கிடையே சுதந்திரமாக நகரலாம். நாடுகளுக்கிடையே நகரவே அனுமதி கேட்பது நான்காம் இணைப்பில் உள்ள மிகக் கூர்மையான சில பொருள்கள் மட்டும். ஆனால் முதல் இணைப்புப் பொருளை ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்கு விற்கும்போது, ‘ஒன்றியத்திலிருந்து ஏற்றுமதியானால் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது’ என்று வணிகக் காகிதத்தில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். இந்தச் சின்ன வரியை வாங்குபவரின் கணக்குப் பிரிவு விட்டுவிடுவது சகஜம். நீங்களே வாசகத்தை அனுப்பிவிடுங்கள்.

இங்கே கிளம்பும் முன், ஏற்றுமதிக்கு அனுமதி கேட்கும் பொருள்களின் இந்தியப் பட்டியலான ஸ்கோமெட்டையும் பாருங்கள். ரசாயனக் கருவிக் கட்டுப்பாட்டுக்கான ஆஸ்திரேலியக் குழுவில் 2018இல் இந்தியா சேர்ந்துவிட்டதால், ஐரோப்பாவில் சந்தேகத்துக்குரியது இங்கேயும் சந்தேகத்துக்குரியதுதான். விண்ணப்பம் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.எஃப்.டி.யின் இணையதளத்தில். முடிவெடுப்பது டெல்லியில் உள்ள அமைச்சகங்களுக்கிடையிலான குழு. ஹேடோஸ் சாலை சாஸ்திரி பவனில் போய் நின்று அவசரப்படுத்திப் பயனில்லை. இறுதிப் பயனாளர் சான்றில் நிறுவனத்தின் முழு முகவரி, ஆலை இருக்கும் இடம், எந்த வேலைக்கு என்பது இருக்க வேண்டும். ‘தொழிற்சாலைப் பயன்பாடு’ என்று மட்டும் எழுதினால் திரும்பி வரும்.

நின்றுவிட்டது. இப்போது?

முதல் நாள் ஒரு கடிதம். போன் பேச்சு கணக்கில் வராது. அதில் ஐந்து கேள்விகள் போதும்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு; எந்த மாடலுக்கு; காரணம் என்ன; எவ்வளவு காலம்; மேல்முறையீடு எங்கே, எத்தனை நாளில். கடிதம் வாங்குபவரின் பெயரில் போக வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறோம். பொதுச் சந்தையின் உரிமை பெரும்பாலும் அந்தச் சந்தைக்குள் இருக்கிறவருக்கே உண்டு. சென்னையிலிருந்து நீங்கள் எழுதும் கடிதத்துக்குப் பதில் போட எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தாது.

ஐரோப்பாவில், இன்னோர் உறுப்பு நாட்டில் முறையாக விற்கப்படும் சரக்கை ஒரு நாடு தடுக்க நினைத்தால், விதிமுறை 2019/515இன்படி முதலில் தகவல் கொடுத்து, பதில் சொல்லக் குறைந்தது 15 வேலை நாள் தர வேண்டும். முடிவைக் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். அந்த வகைச் சரக்கு பொதுப் பாதுகாப்புக்காக ஏற்கெனவே அந்த நாட்டில் பொதுவாகத் தடைசெய்யப்பட்டிருந்தால், மதிப்பீடு முடியும் வரை நிறுத்திவைக்கலாம் என்ற விலக்கும் அதிலேயே இருக்கிறது. அப்படி ஒரு பொதுத் தடை உண்மையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு வாங்குபவர் சால்விட் என்ற இலவசச் சேவையில் புகார் பதியலாம்; அது 10 வாரத்துக்குள் தீர்வு தேடும். அது உள்நாட்டு மேல்முறையீட்டுக் கெடுவை நிறுத்திவைக்காது என்பதை மறந்து பலர் இரண்டையும் இழந்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே வாரத்தில் போகட்டும்.

யூரேசிய ஒன்றியத்தில் சொல்லே ஆயுதம். அங்கே தடங்கலை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது ‘தடுப்பு’, சட்டமே அனுமதித்தது ‘விலக்கு’, சட்டத்தில் இடைவெளி இருப்பதால் வந்தது ‘கட்டுப்பாடு’. உங்களுடையது எது என்பதைச் சொல்லி யூரேசியப் பொருளாதார ஆணையத்துக்கு எழுத வேண்டும். விலக்கு என்றால் பெரிதாக ஒன்றும் நடக்காது. 2014 ஆகஸ்ட் 6 அன்று ரஷ்யா மேற்கத்திய உணவுப் பொருளுக்குத் தடை போட்டபோது அந்த ஆணையின் தலைப்பிலேயே ரஷ்யாவின் பாதுகாப்பு என்ற சொல் இருந்தது. பெலாரஸும் கஜகஸ்தானும் சேர்ந்துகொள்ளவில்லை. ஒரே சுங்கச் சுவருக்குள், ஒரு நாட்டில் விற்கலாம் இன்னொன்றில் விற்க முடியாது என்ற நிலை உருவானது. மின்ஸ்க்கில் உள்ள ஒன்றிய நீதிமன்றத்தில் வெளிநாட்டு நிறுவனமும் வழக்குப் போடலாம் என்பது ஒரு நல்ல விஷயம். ஆனால் ஆணையத்தின் முடிவையோ செயலின்மையையோ எதிர்த்துத்தான். முதலில் ஆணையத்திடம் எழுதி மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஓர் உறுப்பு நாட்டை நேரடியாக அங்கே இழுக்க முடியாது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் கெடுதான் ஆளைக் கொல்லும். அருஷாவில் உள்ள நீதிமன்றத்துக்கு உறுப்பு நாட்டில் வசிக்கும் யாரும் போகலாம், ஆனால் சம்பவம் நடந்த அல்லது தெரிந்த இரண்டு மாதத்துக்குள். பேச்சுவார்த்தையில் அந்த நாள்கள் ஓடிவிடும். ருவாண்டாவும் உகாண்டாவும் கட்டுனா எல்லையில் முட்டிக்கொண்டபோது 2019 பிப்ரவரி முதல் 2022 ஜனவரி வரை அது கிட்டத்தட்ட மூடியே கிடந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் இன்னும் கடினம். 2003இல் நைஜீரியா பெனின் எல்லையை மூடியதால் நஷ்டப்பட்ட ஒரு வணிகர் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகமான எகோவாஸின் நீதிமன்றம் போனார். தனிநபர் வழக்குப் போட முடியாது என்று 2004இல் திருப்பி அனுப்பினார்கள். அதன்பின் தனிநபருக்குக் கதவு திறந்தது, ஆனால் மனித உரிமை மீறலுக்கு மட்டும். 2019 ஆகஸ்டில் நைஜீரியா மறுபடி எல்லைகளை மூடி 2020 டிசம்பரில்தான் திறக்கத் தொடங்கியது.

ஆள் போகிறபோது, அதாவது கருவியைப் பொருத்தப் போகும் டெக்னீஷியன் தடுக்கப்பட்டால், கரீபிய நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பு நல்ல அளவுகோல். பார்படாஸ் விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்பட்ட ஜமைக்கப் பெண்ணுக்கு 77,240 பார்படாஸ் டாலர் இழப்பீடு கிடைத்தது. சமூகத்தின் அடிப்படை நலனுக்கு உண்மையான, உடனடியான, கடுமையான ஆபத்து இருந்தால்தான் மறுக்கலாம், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்றது நீதிமன்றம். அந்த உரிமை கரீபியச் சமூகத்தவருக்கு. இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவர் அதைக் கேட்க முடியாது.

நீதிமன்றமே இல்லாத இடத்தில்

2017 ஜூன் 5 அன்று சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாரோடு உறவை முறித்து வழிகளை மூடின. எகிப்தைத் தவிர மற்றவை ஒரே சுங்க ஒன்றியத்தில் இருந்தவை. ஜெபல் அலியில் இறக்கி ஏற்றி தோஹா போக வேண்டிய சரக்கு வழி இழந்தது. பிறகு ஓமானின் சொஹார், சலாலா வழியாகத் திரும்பியது. 2021 ஜனவரி 5 அன்று அல்-உலாவில் சமரசம் ஆகும் வரை இதுவே நிலை. வணிகர் போய் முறையிட அங்கே ஒரு மன்றம் இல்லை. இப்படிப்பட்ட சந்தைகளில் வாதத்தைவிட ஒப்பந்தமும் இன்ஷூரன்ஸும்தான் கை கொடுக்கும்.

வங்கியின் பண உறுதிக் கடிதமான எல்.சி.யில், சரக்கு கப்பல் மாறும் டிரான்ஷிப்மென்ட் துறைமுகத்தைப் பெயர் சொல்லி எழுத விடாதீர்கள். ஜெபல் அலி என்று இருந்து, கப்பல் நிறுவனத்தின் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் சொஹார் வந்தால் வங்கி முரண்பாடு என்று பணத்தை நிறுத்தும். இறக்கும் துறைமுகத்துக்கு மாற்று ஒன்றை முன்கூட்டியே சேருங்கள். ஒப்பந்தத்தில் அரசுத் தடை என்ற பிரிவு தனியாக இருக்கட்டும்: தடை வந்தால் வாங்குபவர் 5 நாளுக்குள் எழுத்து ஆணை பெற வேண்டும், கெடுவுக்குள் முறையிட வேண்டும், டெமரேஜ், டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணங்கள் யார் தலையில், எத்தனை நாளுக்குப் பின் வேறு நாட்டுக்கு விற்கலாம் என்று எண்ணோடு எழுதுங்கள்.

மரைன் இன்ஷூரன்ஸை இதற்கு நம்ப வேண்டாம். தாமதத்தால் வரும் நஷ்டமும், அரசு பிடித்துவைப்பதும் வழக்கமான பாலிசியில் விலக்கப்பட்டவை. ஏற்றுமதிக் கடனுக்குக் காப்பீடு தரும் அரசு நிறுவனமான இ.சி.ஜி.சி.யின் பாலிசிதான் பார்க்க வேண்டியது. சரக்கு கிளம்பியபின் வாங்குபவர் நாட்டில் வரும் புதிய இறக்குமதித் தடை, செல்லுபடியாகும் உரிமம் ரத்தாவது, இந்தியாவுக்கு வெளியே பயணம் தடைபட்டு அல்லது திசை மாறி ஆகும் கூடுதல் சரக்குக் கட்டணம் ஆகியவை அதன் அரசியல் அபாயப் பட்டியலில் உண்டு. வாங்குபவர் வாங்கியிருக்க வேண்டிய அனுமதியையே வாங்காமல் விட்டிருந்தால் கிடையாது. எனவே ஷிப்பிங் பில் போடும் முன், வாங்குபவரின் இறக்குமதி அனுமதி நகல் தேதியோடு உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். அந்தத் தேதி கப்பல் கிளம்பிய தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும்.

இறக்குமதி செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாடும் இதே கதவைப் பயன்படுத்துகிறது. 2025 மே 2 அன்று, தேசப் பாதுகாப்பையும் பொதுக் கொள்கையையும் காரணமாகச் சொல்லி, பாகிஸ்தானில் விளைந்த அல்லது அங்கிருந்து ஏற்றுமதியான எல்லாப் பொருளின் நேரடி, மறைமுக இறக்குமதியையும் டிரான்சிட்டையும் டி.ஜி.எஃப்.டி. தடை செய்தது. ‘மறைமுக’ என்ற சொல் துபாய் வழியாக வரும் பேரீச்சையையும் உலர்பழத்தையும் பிடிக்கும். காட்டுப்பள்ளியில் இறங்கும் பெட்டியின் பில் ஆஃப் லேடிங் துபாயைக் காட்டினாலும், விளைந்த இடத்துச் சான்றையும் அதற்கு முந்தைய கப்பலின் காகிதத்தையும் விற்பவரிடம் வாங்கி, ஆர்டர் உறுதி செய்யும் முன்பே பார்த்துவிடுங்கள்.